பூடில் கலப்பு நாய்கள்: எஃப்1, எஃப்1பி, எஃப்2 என்றால் என்ன? எந்தக் குட்டிக்கு எந்த ரோமம் வரும்?

பூடில் கலப்புக் குட்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது இந்த எழுத்துகளில்தான்: எஃப்1, எஃப்1பி, எஃப்2, எஃப்2பி, மல்டிஜென். நானும் தடுமாறியிருக்கிறேன். என் முதல் நாய் ஒரு எஃப்2 கோல்டன்டூடில், அதாவது கோல்டன் ரெட்ரீவரும் பூடிலும் கலந்தது. "இரண்டாம் தலைமுறை, முடியே கொட்டாது" என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு வயது ஆவதற்குள் சோபா முழுக்க முடி. நாய்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, கடைசிவரை வீட்டின் உயிராக இருந்தது. ஆனால் அந்த எழுத்துகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அன்றே தெரிந்திருந்தால் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டிருப்பேன். பிறகு தேடிப் படித்தவற்றையும், நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எஃப்1 என்பதில் உள்ள 'எஃப்' எதைக் குறிக்கிறது?

'ஃபிலியல்' என்ற சொல்லின் முதல் எழுத்து அது. மகன், மகள் என்று பொருள் தரும் லத்தீன் சொற்களிலிருந்து வந்தது. பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடிப் பாடம் நினைவிருக்கும். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்து கிடைத்த முதல் தலைமுறையை எஃப்1 என்று எழுதினோம் அல்லவா? அதேதான் இது. தூய பூடில் ஒன்றையும் வேறு தூய இன நாய் ஒன்றையும் இணைத்தால் பிறக்கும் குட்டிகள் எஃப்1. இரண்டு எஃப்1 நாய்களை இணைத்தால் எஃப்2. இரண்டு எஃப்2 சேர்ந்தால் எஃப்3.

எஃப்1பி-யில் இருக்கும் 'பி'?

மீள்கலப்பு (ஆங்கிலத்தில் 'பேக்கிராஸ்') என்பதன் அடையாளம். எஃப்1 நாயை மறுபடியும் தூய இன நாய் ஒன்றோடு இணைத்திருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் அந்தத் தூய நாய் பூடிலாகத்தான் இருக்கும். அப்படியானால் குட்டிகளில் சராசரியாக 75 சதவீதம் பூடில். அந்த எஃப்1பி-யை மேலும் ஒருமுறை பூடிலோடு சேர்த்தால் எஃப்1பிபி, 87.5 சதவீதம்.

'பெரும்பாலும்' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எஃப்1 கோல்டன்டூடிலைக் கோல்டன் ரெட்ரீவரோடு இணைத்தாலும் அது மீள்கலப்புதான். அதையும் எஃப்1பி என்றே எழுதுவார்கள், ஆனால் அங்கே பூடில் பங்கு 25 சதவீதம்தான். ரோமமும் முற்றிலும் வேறாக இருக்கும்.

எஃப்2பி-யில் குழப்பம் இன்னும் அதிகம். சிலர் எஃப்1-ஐயும் எஃப்1பி-யையும் இணைத்துப் பிறந்த குட்டிகளை அப்படி அழைக்கிறார்கள், அதில் பூடில் 62.5 சதவீதம். வேறு சிலர் எஃப்2-ஐப் பூடிலோடு இணைத்ததை அப்படி அழைக்கிறார்கள், அது 75 சதவீதம். பெயர் ஒன்று, கணக்கு இரண்டு. அதனால் எழுத்தைக் கேட்டுவிட்டுத் திருப்தி அடையாமல், "தாய் எது, தந்தை எது, அவற்றின் பெற்றோர் எவை?" என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் எழுத்தே தேவையில்லை.

எஃப்1பி குட்டி ஒவ்வொன்றிலும் சரியாக 75 சதவீதம் பூடில் இருக்குமா?

இருக்காது. எஃப்1-இல் மட்டும்தான் கணக்கு சரிபாதியாக நிற்கும், ஏனென்றால் ஒவ்வொரு குட்டியும் ஒரு தூய பூடிலிடமிருந்து 39 குரோமோசோம்களையும் மற்ற இனத்திடமிருந்து 39 குரோமோசோம்களையும் வாங்கிக்கொள்கிறது. நாய்க்கு மொத்தம் 78 குரோமோசோம்கள்.

அடுத்த தலைமுறையில் சீட்டுக்கட்டைக் கலைத்துவிடுகிறார்கள். எஃப்1 நாய் தன் குட்டிக்குக் கொடுக்கும் 39 குரோமோசோம்களில் பூடில் பகுதி எவ்வளவு, கோல்டன் பகுதி எவ்வளவு என்பது ஒவ்வொரு குட்டிக்கும் மாறும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு எஃப்1பி குட்டிகளில் ஒன்றில் பூடில் பங்கு சராசரிக்கு மேலும் இன்னொன்றில் கீழும் இருப்பது இயல்பு. 75 என்பது சராசரி மட்டுமே.

இன்னொன்று. ரோமத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் மிகச் சில. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு நகல்களாக நாயிடம் இருக்கும். மொத்தச் சதவீதம் உயர்ந்திருந்தாலும் அந்தச் சில இடங்களில் பூடில் நகல் வராமல் போகலாம்.

அப்படியானால் ரோமத்தை எது தீர்மானிக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2009-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பரிசோதித்துவிட்டு, நாய்களிடம் நாம் காணும் ரோம வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்களால் விளக்கிவிடலாம் என்று காட்டினார்கள்.

முதலாவது ஆர்எஸ்பிஓ2. மீசை, தாடி, அடர்ந்த புருவம் ஆகியவற்றைத் தருவது இதன் ஒரு மாற்று வடிவம். நான் இதை மீசை மரபணு என்றே சொல்லிவிடுகிறேன். இது ஓங்கு பண்பு: ஒரு நகல் இருந்தாலே முகத்தில் மீசை வந்துவிடும். பூடிலிடம் பொதுவாக இரண்டு நகல்களும் இருக்கும். முகத்தை மழித்துவிடுவதால் பூடிலின் மீசை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பெர்னீஸ் மலைநாய், காக்கர் ஸ்பானியல், கவாலியர் ஆகியவற்றிடம் இது இல்லை. அவற்றின் முகம் வழுவழுப்பாக இருப்பதைப் பார்த்தாலே தெரியும். முடி உதிர்வது குறைவதற்கும் இதே மரபணுதான் முக்கியக் காரணம். டூடில் எனப்படும் இந்தப் பூடில் கலப்பு நாய்களின் கரடிப் பொம்மை முகமும், முடி கொட்டாத பெயரும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

இரண்டாவது எஃப்ஜிஎஃப்5. முடியின் நீளம் இதன் வேலை. நீள முடி ஒடுங்கு பண்பு, இரண்டு நகல்களும் சேர்ந்தால்தான் முடி நீளும். பூடிலுக்கு இரண்டும் உண்டு. கோல்டனுக்கும் இரண்டும் உண்டு. லாப்ரடார் வழக்கமாகக் குட்டை முடிக்காரர்.

மூன்றாவது கேஆர்டி71. சுருட்டை இதன் பொறுப்பு. இது முழுதாக ஓங்குவதும் இல்லை, ஒடுங்குவதும் இல்லை, நடுவில் நிற்கும். இரண்டு சுருட்டை நகல் என்றால் பூடில் போன்ற சுருள், ஒன்று என்றால் அலை, ஒன்றும் இல்லையென்றால் நேர் முடி. அதே மரபணுவில் இன்னொரு சுருட்டை மாற்றமும் பின்னாளில் கண்டறியப்பட்டது.

மூன்றும் தனித்தனியாகக் குட்டிக்குப் போய்ச் சேர்கின்றன. அதனால்தான் சுருட்டையாகவும் மீசை இல்லாமலும் ஒரு குட்டி, நேர் முடியும் தாடியுமாக இன்னொரு குட்டி என்று ஒரே தாய்க்குப் பிறக்க முடிகிறது.

எஃப்1 லாப்ரடூடிலும் எஃப்1 கோல்டன்டூடிலும் ஏன் இவ்வளவு வேறாக இருக்கின்றன?

மேலே சொன்ன நீள மரபணுவால். கோல்டனும் பூடிலும் நீள முடி நாய்கள் என்பதால் எஃப்1 கோல்டன்டூடில் எல்லாமே நீள முடியோடு பிறக்கும். மீசை ஒரு நகல், சுருட்டை ஒரு நகல் என்பதால் அலை அலையாகத் தொங்கும் அந்தப் பழக்கமான தோற்றம்.

லாப்ரடாரோடு கலந்தால் குட்டிக்கு நீள நகல் ஒன்றுதான் கிடைக்கும். அது ஒடுங்கிவிடும். மீசை மட்டும் ஓங்கும். குட்டை முடியும் மீசையும் சேர்ந்தால் முடி விறைப்பாக, கம்பி போல, டெரியர் சாயலில் வரும். எஃப்1 லாப்ரடூடிலை வாங்கிவிட்டு "படத்தில் பார்த்த மாதிரி இல்லையே" என்று வருந்துபவர்கள் பலர். நாயிடம் தவறில்லை, அந்தக் கலப்பு தரக்கூடிய ரோமமே அதுதான். பஞ்சுபோன்ற லாப்ரடூடில் படங்களில் இருப்பவை பெரும்பாலும் பின்வந்த தலைமுறைகள்.

இரண்டு மீசைக்கார டூடில்களுக்கு வழுமுகக் குட்டி எப்படிப் பிறக்கிறது?

என் முதல் நாயின் கதை இதுதான். எஃப்1 நாய் ஒவ்வொன்றிடமும் மீசை நகல் ஒன்று, மீசையில்லா நகல் ஒன்று இருக்கும். அப்படிப்பட்ட இரண்டை இணைத்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு: மீசையில்லா நகல் இரு பக்கமிருந்தும் வந்து சேரும். அந்தக் குட்டி பார்க்கக் கோல்டன் ரெட்ரீவர் மாதிரியே இருக்கும், அதைப் போலவே முடியும் கொட்டும். ஆங்கிலம் பேசும் பிரீடர்கள் இதை 'இம்ப்ராப்பர் கோட்' என்பார்கள், 'ஃபிளாட் கோட்' என்றும் சொல்வதுண்டு. முறையற்ற ரோமம் என்று ஒரு நாயைச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. அதனால் வழுமுகம் என்றே எழுதுகிறேன்.

எட்டுக் குட்டிகள் உள்ள ஓர் எஃப்2 ஈற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வழுமுகக் குட்டியாவது இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 90 சதவீதம். எஃப்1-ஐ எஃப்1பி-யோடு இணைத்தால் ஒவ்வொரு குட்டிக்கும் எட்டில் ஒன்று. பெற்றோரைப் பரிசோதிக்காமல் இரண்டு எஃப்1பி நாய்களை இணைத்தால்கூடப் பதினாறில் ஒன்று. 'தலைமுறை கூடக்கூட ரோமம் நிச்சயம்' என்ற பேச்சு இந்தக் கணக்கின்முன் நிற்காது. எஃப்1 ஈற்றில் எல்லாக் குட்டிக்கும் மீசை இருக்கிறது, அடுத்த தலைமுறையில்தான் சிலவற்றுக்கு இல்லாமல் போகிறது.

அப்போது எஃப்1பி-தான் பாதுகாப்பான தேர்வா?

மீசை விஷயத்தில் ஆம், பூடிலோடு மீள்கலப்புச் செய்திருந்தால். பூடிலிடமிருந்து ஒரு மீசை நகல் எப்படியும் வந்துவிடும், எனவே வழுமுகம் பிறக்காது. பாதிக் குட்டிகளுக்கு இரண்டு நகல், பாதிக்கு ஒன்று. சுருட்டையும் அதேபோல்தான்: சுமார் பாதிக் குட்டிகள் நல்ல சுருட்டை, மீதி அலை.

ஆனால் சுருட்டை கூடக்கூடச் சிக்கும் கூடும். தரையில் விழ வேண்டிய முடி, சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு பக்கத்து முடியோடு பின்னிக்கொள்ளும். தினமும் தரையைப் பெருக்கத் தயாராக இருந்து, சீப்பு எடுக்க நேரமில்லாத வீட்டுக்கு எஃப்1பி நல்ல தேர்வு அல்ல.

முடி கொட்டவே கொட்டாது என்கிறார்களே?

கொட்டாத முடி கிடையாது. நம் தலைமுடி போலவே நாயின் முடியும் வளர்ந்து, நின்று, உதிரும். பூடில் வகை ரோமத்தில் வளரும் காலம் நீளம் என்பதால் ஒரு நேரத்தில் உதிர்வது குறைவு. எம்சி5ஆர் என்ற இன்னொரு மரபணுவும் இதில் பங்கு வகிக்கிறது. மீசை நகல் ஒன்று மட்டும் இருந்து, எம்சி5ஆர்-இல் அதிகம் உதிர்க்கும் வடிவம் இரண்டும் வந்துவிட்டால் அந்த நாய் ஓரளவு கொட்டும். ஒரே ஈற்றில் பிறந்த எஃப்1 குட்டிகள்கூட உதிர்ப்பதில் ஒன்றுபோல இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு நாய் அலர்ஜி. டூடில் வாங்கலாமா?

இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தவறான பதிலை நம்பி வாங்கிவிட்டுச் சில மாதங்களில் நாயை வேறு வீட்டுக்கு அனுப்பும்படி ஆகிவிடுகிறது. குழந்தைகள் அழுவார்கள், நாயும் தவிக்கும்.

அலர்ஜியைத் தூண்டுவது முடி அல்ல. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் நுண்செதில்களிலும், சிறுநீரிலும் இருக்கும் புரதங்கள். அவற்றில் முக்கியமானதன் பெயர் கேன் எஃப் 1. முடி உதிராத நாயும் நக்கும், அதன் தோலும் செதில் விடும். 2012-இல் வெளிவந்த ஒரு டச்சு ஆய்வு, அலர்ஜி தராது என்று பெயரெடுத்த இனங்களின் ரோமத்தில் அந்தப் புரதம் மற்ற இனங்களைவிடக் கூடுதலாகவே இருந்ததைக் கண்டது. லாப்ரடூடில் இருந்த வீடுகளின் தரைத் தூசியில் சற்றுக் குறைவாக இருந்தது உண்மை. காற்றில் அந்த வேறுபாடு இல்லை. இனத்துக்கு இனம் இருந்த வேறுபாட்டைவிட, ஒரே இனத்துக்குள் நாய்க்கு நாய் இருந்த வேறுபாடுதான் பெரிதாக இருந்தது.

அந்தக் கடைசி வரியில்தான் உங்களுக்கான வழி இருக்கிறது. 'எஃப்1பி-யா?' என்று கேட்பதைவிட, வாங்க நினைக்கும் அந்தக் குறிப்பிட்ட நாயோடு பலமுறை, சில மணி நேரம் மூடிய அறையில் இருந்து பாருங்கள். ஆஸ்துமா இருந்தால் அதையும் மருத்துவரைக் கேட்ட பிறகே செய்யுங்கள். அலர்ஜிப் பரிசோதனையில் எந்தப் புரதம் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கேன் எஃப் 5 என்ற புரதம் ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உருவாவது. அதற்கு மட்டும் அலர்ஜி உள்ளவர்கள் பெட்டை நாயோடு நிம்மதியாக வாழ வாய்ப்பு உண்டு. நாய்க்கும் அலர்ஜிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களுக்கு இதைத் தலைமுறை எழுத்துகளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தக் கலப்பையெல்லாம் யார் ஆரம்பித்தது?

காக்கரையும் பூடிலையும் கலந்த காக்கபூ 1960-களிலேயே அமெரிக்காவில் பழக்கத்தில் இருந்தது. ஆனால் உலகம் முழுக்கப் பேசவைத்தது லாப்ரடூடில்தான். 1980-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் அமைப்பில் வாலி கான்ரன் என்பவர் நாய் இனப்பெருக்கத்தைக் கவனித்துவந்தார். ஹவாயிலிருந்து பார்வையற்ற பெண் ஒருவர் வழிகாட்டி நாய் கேட்டார். அவர் கணவருக்கோ நாய் அலர்ஜி. கான்ரன் முதலில் பூடில்களையே பழக்கிப் பார்த்தார், ஒன்றும் தேறவில்லை. கடைசியில் லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. ரோம மாதிரியும் எச்சில் மாதிரியும் ஹவாய்க்குப் போயின. அதில் ஒரு குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துவந்தது. அதன் பெயர் சுல்தான்.

மூன்றில் ஒன்று. எஃப்1 ஈற்றில், ஒரே பெற்றோருக்குப் பிறந்த மூன்றில். அலர்ஜி பற்றிய மொத்தப் பாடமும் அந்த முதல் ஈற்றிலேயே இருந்தது. பிறகு இந்தக் கலப்புகள் கண்மூடித்தனமாகப் பெருகியதைப் பார்த்து, தான் செய்ததற்கு வருந்துவதாகக் கான்ரனே 2019-இல் ஆஸ்திரேலிய வானொலிக்குச் சொன்னார்.

மல்டிஜென், ஆஸ்திரேலியன் லாப்ரடூடில் என்பவை?

எஃப்3-க்கு மேல் போனவற்றையும், இரு பக்கமும் டூடிலாகவே பல தலைமுறை வந்தவற்றையும் மல்டிஜென் என்கிறார்கள். ஆஸ்திரேலியன் லாப்ரடூடில் என்பது தனி வரிசை. அதில் காக்கர் ஸ்பானியல் போன்ற வேறு இனங்களையும் இடையில் சேர்த்திருக்கிறார்கள். 2020-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, இந்த நாய்களின் மரபணுத் தொகுதியில் பெரும்பகுதி பூடிலிடமிருந்து வந்தது என்று காட்டியது. பூடில் போன்ற ரோமத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் பூடில் பக்கமே போய்ச் சேர்வோம்.

நல்ல மல்டிஜென் வரிசையில் பெற்றோரின் மீசை, சுருட்டை, நீள நகல்களைப் பரிசோதித்தே இணைப்பார்கள். அப்போது குட்டியின் ரோமத்தை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும். பரிசோதனை இல்லாத மல்டிஜென் என்பது வெறும் பெயர்.

மால்டிபூ, ஷிபூ, ஷ்னூடில் போன்றவற்றிலும் வழுமுகம் பிறக்குமா?

பொதுவாகப் பிறக்காது. மால்டீஸ், ஷிட்சூ, ஹவானீஸ், ஷ்னாசர் ஆகியவற்றுக்கே மீசை உண்டு. இரு பக்கமும் மீசைக்காரர்கள் என்பதால் எஃப்2-வோ எஃப்3-வோ பிரச்சினை இல்லை. இந்தக் குடும்பத்தில் தலைமுறைக் கணக்கைவிடச் சுருட்டையின் அளவும் குட்டியின் உடல் அளவுமே மாறிக்கொண்டிருக்கும். கவபூ, காக்கபூ இந்தக் கூட்டத்தில் சேராது. கவாலியருக்கும் காக்கருக்கும் மீசை இல்லை.

மினி, டாய் என்று அளவு சொல்கிறார்களே, நம்பலாமா?

சர்வதேச நாய்ச் சம்மேளனமான எஃப்சிஐ பூடிலை நான்கு அளவாகப் பிரிக்கிறது: ஸ்டாண்டர்ட் 45 முதல் 60 செ.மீ., மீடியம் 35 முதல் 45, மினியேச்சர் 28 முதல் 35, டாய் 24 முதல் 28. 'மினி' கோல்டன்டூடில் என்றால் மினியேச்சர் பூடிலோடு கலந்தது. எஃப்1-இல் அளவு பெற்றோர் இருவருக்கும் இடையில் வரும். எஃப்2-இல் ஒரே ஈற்றில் பெரியதும் சிறியதும் பிறக்கலாம். வளர்ந்தால் எத்தனை கிலோ என்று யாராவது சத்தியம் செய்து சொன்னால் அதை உத்தேசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கலப்பு நாய் என்றால் நோயே வராதா?

வரும். 2024-இல் இங்கிலாந்தின் ராயல் கால்நடைக் கல்லூரி காக்கபூ, கவபூ, லாப்ரடூடில் மூன்றையும் அவற்றின் தாய் இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டது. 86.6 சதவீத ஒப்பீடுகளில் வேறுபாடே இல்லை. கலப்பு என்பதால் நாய் மோசமாகிவிடவில்லை, மேலாகவும் ஆகிவிடவில்லை.

காரணம் எளிது. ஒரே ஒடுங்கு நோய் இரண்டு இனங்களிலும் இருந்தால் கலப்பு காப்பாற்றாது. கண்ணின் விழித்திரை மெல்ல அழியும் பிஆர்ஏ நோயின் ஒரு வகை பூடிலிலும் இருக்கிறது, லாப்ரடாரிலும் காக்கரிலும் கோல்டனிலும் இருக்கிறது. இரு பக்கமும் நோய் நகலைச் சுமந்தால் எஃப்1 குட்டிக்கே பார்வை போகலாம். இடுப்பு மூட்டுக் கோளாறும் அப்படித்தான், ஸ்டாண்டர்ட் பூடிலுக்கும் உண்டு, ரெட்ரீவர்களுக்கும் உண்டு. எனவே பெற்றோரின் டிஎன்ஏ பரிசோதனையும் இடுப்பு எக்ஸ்ரேயும் தூய இன நாய்க்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு இதற்கும் தேவை.

மெர்ல் நிற டூடில் அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் அந்தப் பளிங்குத் திட்டு நிறம் பூடிலிடமும் இல்லை, லாப்ரடார், கோல்டனிடமும் இல்லை. எனவே எங்கோ ஓர் ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற நாய் வரிசைக்குள் வந்திருக்கிறது. வந்ததைத் தவறென்று சொல்லவில்லை, எஃப்1 என்று சொல்லி விற்றால் அது பொய். இரண்டு மெர்ல் நாய்களை இணைத்திருந்தால் அந்தக் குட்டியை வாங்காதீர்கள். நான்கில் ஒரு பங்கு குட்டிகளுக்கு இரண்டு மெர்ல் நகல் சேரும், அவற்றில் செவிடும் குருடும் அதிகம்.

குட்டியின் ரோமம் வளர்ந்த பிறகு மாறுமா? நிறம்?

மாறும். ஆறாவது மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில், சிலவற்றுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி, பட்டுப்போன்ற குட்டி ரோமம் போய்ப் பெரிய நாயின் ரோமம் வரும். பழைய முடியும் புதிய முடியும் ஒரே நேரத்தில் இருப்பதால் சிக்கு மிக மோசமாகப் பிடிக்கும் காலமும் இதுதான். 'நேற்றுவரை நன்றாக இருந்தது, திடீரென்று கட்டி கட்டியாகிவிட்டது' என்று பதறுபவர்களின் நாய்க்கு வயது கேட்டால் எட்டு, ஒன்பது மாதம் என்பார்கள்.

மீசை வருமா என்பதற்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் மூக்குத்தண்டின் மேல் முடி மேல்நோக்கிப் புசுபுசுவென்று எழத் தொடங்கும். எட்டு வாரத்திலும் முகம் வழித்து எடுத்தாற்போல் இருந்தால் வழுமுகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நிறம் மங்குவதும் பூடில் சொத்து. பூடிலிடம் இருக்கும் நரைக்கும் மரபணு ஓங்கு பண்பு என்பதால் கலப்பிலும் வந்துவிடும். கருப்பு சாம்பலாகும், சாக்லேட் பால் கலந்த காப்பி நிறமாகும். செம்பழுப்பு வெளிறி இளமஞ்சளாவதும் சகஜம்.

தினமும் என்ன பராமரிப்பு?

சுருட்டை அல்லது அலை ரோமம் என்றால் தினமும் சீவுவது நல்லது, இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது தவறக்கூடாது. மேலோட்டமாகத் தடவுவது சீவுவது ஆகாது. ஒரு கையால் முடியை விலக்கித் தோல் தெரியும்படி கோடு பிரித்து, வேரிலிருந்து நுனிவரை ஸ்லிக்கர் பிரஷ்ஷால் (மெல்லிய கம்பிப் பற்கள் கொண்ட பிரஷ்) சீவி, அதே இடத்தில் உலோகச் சீப்பை ஓட்டுங்கள். சீப்பு தடையில்லாமல் போனால்தான் அந்த இடம் முடிந்தது. காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டை படும் இடம், வால் அடி: சிக்கு முதலில் பிடிப்பது இங்கேதான்.

குளிப்பாட்டுவதற்கு முன் சிக்கெடுங்கள். சிக்கோடு நனைத்தால் காயும்போது அது இறுகி அழுத்திய கம்பளி போலாகிவிடும், பிறகு கத்தரிதான். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்ட வேண்டியிருக்கும். முடி வெட்டுபவர் ஒட்ட வழித்துவிட்டார் என்று கோபப்படாதீர்கள். தோலோடு இழுத்துப் பிடித்த சிக்கு நாய்க்கு வலி, அதை மணிக்கணக்கில் பிடுங்குவதைவிட வழிப்பதே கருணை. தொங்கும் காதுக்குள் முடியும் வளர்வதால் காதை வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். நாற்றம் வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

குட்டி வாங்கும்போது நான் என்ன கேட்க வேண்டும்?

தாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், முடிந்தால் தந்தையையும். பெற்றோரின் டிஎன்ஏ அறிக்கையைக் கேளுங்கள். அதில் மீசை நகல் எத்தனை, சுருட்டை நகல் எத்தனை என்று பாருங்கள். பெற்றோரில் ஒன்றுக்காவது மீசை நகல் இரண்டு இருந்தால் எந்தத் தலைமுறையானாலும் வழுமுகம் பிறக்காது. இதே பெற்றோரின் முந்தைய ஈற்றுக் குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று படம் கேளுங்கள், அது குட்டிப் படங்களைவிட ஆயிரம் மடங்கு பயன்படும். எஃப் எழுத்தை மட்டும் சொல்லி, மற்றதற்கெல்லாம் மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். முகத்தில் மீசையே இல்லை. என்ன செய்வது?

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உங்களுடைய நாய்க்கு இருப்பது கோல்டன், பெர்னீஸ் போன்ற ரோமம், அதை அப்படியே பாவியுங்கள். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை சீவினால் போதும். உள்முடி கொத்தாக வரும் பருவத்தில் மட்டும் தினமும் சீவுங்கள். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று மொட்டையடிக்காதீர்கள். இரட்டை அடுக்கு ரோமம் மழித்தபின் பழையபடி வளராமல் திட்டுத்திட்டாக வரக்கூடும். பாதம், காதோரம், பின்தொடை ஆகிய இடங்களில் நீண்ட நுனிகளை மட்டும் நறுக்கினால் போதும். என் முதல் நாய்க்குக் கடைசிவரை இந்த அளவுதான் செய்தேன். சீவும்போது அது கண்ணை மூடிக்கொண்டு மடியில் தலையைச் சாய்த்துவிடும்.